நாற்பது பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிடம்: வகுப்பில் படைப்புச் சிந்தனையைப் பழக்குவது எப்படி?

தமிழ்நாட்டுப் பாடநூல்களில், குறிப்பாக நடுநிலை வகுப்புத் தமிழ் நூல்களில், பாட முடிவில் 'சிந்தனை வினா' என்று ஒரு பகுதி இருக்கும். அந்த வினாவுக்கு நாற்பது நோட்டிலும் ஒரே விடை இருந்தால், அங்கே யாரும் சிந்திக்கவில்லை. கைடைப் பார்த்தோ, கரும்பலகையைப் பார்த்தோ எழுதியிருக்கிறார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி கேட்ட அடுத்த நொடியே விடையை எதிர்பார்த்து, முதலில் வந்த நல்ல பதிலைப் பலகையில் எழுதிப்போட்டால், மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் மிச்சமிருக்கும் வேலை படியெடுப்பதுதான்.

6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஏஎல்எம் என்ற படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோது, பாடக் கருத்தைக் கிளை கிளையாக வரையும் மனவரைபடம் எல்லா நோட்டிலும் இடம்பிடித்தது. ஆனால் ஒரே மனவரைபடத்தை எல்லாரும் பலகையிலிருந்து வரைந்துகொண்டால் அது வரைபடம் மட்டும்தான். அதில் மனம் இல்லை. முறையின் பெயர் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே: முதலில் வருவது ஞாபகம், யோசனை அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. ஞாபகம் தீரும்வரை பொறுத்திருந்தால்தான் யோசனையின் முறை வரும்.

இதற்குத் தனிப் பாடவேளை வேண்டாம். வாரம் இரண்டு முறை 15 நிமிடம், மாதம் ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கினால் போதும். அதுவும் நடத்த வேண்டிய பாடத்துக்குள்ளேயே. போர்ஷன் முடியாது என்ற கவலைக்கு இடமில்லை.

முதல் இரண்டு வாரம்: வாயைக் கட்டுவது

பயிற்சி பிள்ளைகளுக்கு அல்ல, ஆசிரியருக்கு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஒன்று, ஒன்றரை நொடிக்கு மேல் காத்திருப்பதில்லை. அதை 3 நொடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன. அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

3 நொடி கேட்கச் சின்னது. வகுப்பில் நின்று பார்த்தால் யுகமாகத் தெரியும். கேள்வி கேட்டதும் மூச்சை நிதானமாக ஒருமுறை இழுத்து விடுங்கள். அதற்குள் தூக்கிய கைகளைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒரு பிள்ளை பதில் சொன்ன பிறகும் இன்னொரு மூச்சு காத்திருங்கள். பல நேரம் அதே பிள்ளை "இல்ல டீச்சர், அதுகூட..." என்று தொடரும். நமக்கு வேண்டியது அந்த 'அதுகூட'தான்.

'சூப்பர்', 'வெரி குட்' இரண்டையும் யோசனை சேகரிக்கும் நேரத்தில் நிறுத்திவையுங்கள். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் காரணம் இருக்கிறது. ஒரு பதிலுக்கு 'சூப்பர்' கிடைத்ததும் மற்றவர்கள் அதே சாயலில் சொல்ல ஆரம்பிப்பார்கள். அடுத்தவளுக்கு 'சூப்பர்' கிடைக்காவிட்டால் தன் பதில் மட்டம் என்று நினைத்துக்கொள்வாள். பாராட்டுக்குப் பதில், சொன்னதைச் சொன்னபடியே பலகையில் எழுதுங்கள். ஒருவன் 'கொட்டாங்குச்சி' என்றால் கொட்டாங்குச்சி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளை 'சிரட்டை' என்றால் சிரட்டை. அதைத் 'தேங்காய் ஓடு' என்று திருத்தி எழுதாதீர்கள். தன் சொல் பலகையில் ஏறுவதைவிடப் பெரிய பாராட்டு பிள்ளைக்கு வேண்டியதில்லை. எழுதி முடித்து ஒரே வார்த்தை கேளுங்கள்: "இன்னொன்று?"

ஒரு கொட்டாங்குச்சி, 15 நிமிடம்

'ஒரு பொருளுக்கு எத்தனை பயன்?' என்ற பயிற்சி 1960-களில் கில்ஃபோர்ட் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் மூலம் பரவியது. அவர்கள் செங்கல்லை எடுத்தார்கள். நமக்குக் கொட்டாங்குச்சி வாகானது. எல்லா வீட்டிலும் உண்டு, தூக்கிப் போடும் பொருள், கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். நான்கைந்து பேருக்கு ஒன்று வீதம் பத்து ஓடுகள் போதும். ஒன்றிரண்டு கண் ஓட்டையுள்ள பாதியாகவும், மற்றவை ஓட்டையில்லாத பாதியாகவும் இருக்கட்டும். உருவம் மாறினால் யோசனையும் மாறும்.

முதல் 3 நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பயன்களை எழுத வேண்டும். எழுதத் தடுமாறும் பிள்ளை படம் வரையலாம். இந்த அமைதியைத் தவிர்த்துவிட்டு நேராக வாய்வழியாகக் கேட்டால், முன்வரிசை ஐந்து பேர் மட்டுமே வகுப்பை நடத்துவார்கள்.

அடுத்த 4 நிமிடம் ஆளுக்கு ஒன்று சொல்ல, பலகையில் எழுதுங்கள். ஏற்கெனவே வந்ததைச் சொல்லக் கூடாது. அகப்பை, உண்டியல், பறவைக்குத் தண்ணீர் வைக்க, விளக்கு, செடி வைக்க, ரப்பர் பால் வடிக்க, தராசுத் தட்டு என்று வரும். பிறகு வேகம் குறைந்து வகுப்பு ஓய்ந்துவிடும். "அவ்வளவுதான் சார்" என்பார்கள். அனுபவமில்லாத கை இந்த இடத்தில் பயிற்சியை முடித்துவிடும். பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது.

இப்போது பலகையைக் காட்டிக் கேளுங்கள்: "இதுவரை சொன்னதில் ஏறக்குறைய எல்லாமே உள்ளே எதையோ வைப்பது. உள்ளே எதையும் வைக்காமல் என்ன செய்யலாம்?" அரை நிமிடம் அமைதி. பிறகு யாராவது கொட்டாங்குச்சியைக் கவிழ்ப்பார்கள். கவிழ்த்ததும் மணல் வீடு கட்டும் அச்சு வரும், ஆமை ஓடு வரும், சின்னப் பிள்ளைக்குத் தொப்பி வரும். "தட்டிப் பார்" என்றால் தாளம் வரும். இரண்டு ஓடுகளைத் தரையில் மாற்றி மாற்றித் தட்டினால் குதிரைக் குளம்பொலி கேட்கும். வானொலி நாடகங்களில் அப்படித்தான் குதிரை ஓடியது. "உடைத்தால்?" என்றால் பொத்தான், "எரித்தால்?" என்றால் இஸ்திரிப் பெட்டிக் கரி, "ஒன்றுக்கு இரண்டாக இருந்தால்?" என்றால் நூல் கட்டிய தொலைபேசி.

புதிய யோசனை வேண்டும் என்று நச்சரிப்பதால் எதுவும் வராது. எந்த வகைக்குள் சுற்றுகிறார்கள் என்று காட்டிக்கொடுத்தால், தாங்களாகவே வெளியே தாண்டுவார்கள். கவிழ், தட்டு, உடை, எரி, இரண்டாக்கு: இந்த ஐந்து வினைச்சொற்களையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிடுங்கள். நான்கைந்து வாரத்தில் ஆசிரியர் கேட்பதற்கு முன்பே பிள்ளைகள் அட்டையைப் பார்ப்பார்கள்.

கடைசியில் எஞ்சும் நிமிடங்களில் ஒவ்வொருவரும் தன் பட்டியலில் மூன்றை எண்ணட்டும்: மொத்தம் எத்தனை, எத்தனை வகை, வகுப்பில் வேறு யாருக்கும் வராதது எது. உண்டியல், கிண்ணம், டப்பா, பெட்டி என்று எழுதியவனுக்கு எண்ணிக்கை நான்கு, வகை ஒன்று. இதைத் தானே கண்டுபிடிக்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். பத்து நிமிட விளக்கம் செய்யாததை அந்த ஒரு நொடி செய்துவிடும்.

கூச்சல் வேண்டாம், தாளைச் சுற்றுங்கள்

குழுவாக உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்லும் 'பிரெய்ன்ஸ்டார்மிங்' முறை அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற விளம்பர நிறுவனத்துக்காரர் பிரபலப்படுத்தியது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்னதைவிட, நான்கு பேர் தனித்தனியே எழுதியதைச் சேர்த்தபோது யோசனைகள் கூடுதலாகக் கிடைத்தன. காரணம் எளிது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது வந்த யோசனை மறந்துபோகும், அல்லது 'இதைச் சொன்னால் சிரிப்பார்களோ' என்று அடங்கிவிடும். நம் வகுப்பில் இதோடு இன்னொன்றும் சேரும்: குழுத் தலைவன் சொல்வதே குழுவின் விடை.

அதற்கு மாற்றாக 1968-இல் ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் ஒரு முறை சொன்னார். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாளைப் பக்கத்தவருக்குத் தள்ள வேண்டும். ஆறு சுற்றில் 108 யோசனை. பள்ளிப் பாடவேளைக்கு இதைச் சுருக்கிக்கொள்ளலாம்: நான்கு பேர், இரண்டு யோசனை, 3 நிமிடம், நான்கு சுற்று. 12 நிமிடத்தில் குழுவுக்கு 32 யோசனை வரும். நாற்பது பேர் வகுப்பில் 320.

ஆளுக்கு ஒரு ஏ4 தாள். பழைய வினாத்தாளின் பின்பக்கம் போதும். நடுவில் ஒரு கோடு, குறுக்கே மூன்று கோடு இழுத்தால் எட்டுக் கட்டம். மேலே கேள்வி. முதல் சுற்றில் மேல் இரண்டு கட்டத்தை நிரப்பித் தாளை வலப்பக்கம் தள்ள வேண்டும். தன் கைக்கு வந்த தாளில் உள்ளதைப் படித்து, அதை வளர்க்கலாம், திருப்பலாம், முற்றிலும் வேறாகவும் எழுதலாம். தாளில் பெயர் எழுதக் கூடாது. யாருடைய யோசனை என்று தெரியாதபோது கேலியும் இல்லை, பின்வரிசை முன்வரிசை வேறுபாடும் இல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமிருந்து சத்தம் பற்றிப் புகாரும் வராது.

வழக்கமாகச் சிக்குவது இரண்டாம் சுற்றில். சில பிள்ளைகள் மேலே இருப்பதையே வேறு வார்த்தையில் எழுதிவிடுவார்கள். "மேலே எழுதியவருக்கு இதைப் படித்தால் ஆச்சரியம் வருமா?" என்று ஒருமுறை பொதுவாகக் கேட்டுவிட்டு நகருங்கள், தாளைக் கையில் எடுத்துத் திருத்தாதீர்கள்.

கேள்வியைப் பொறுத்தே எல்லாம். "சுற்றுச்சூழலை எப்படிப் பாதுகாக்கலாம்?" என்று கேட்டால் மரம் நடுவோம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்ற முழக்கங்கள்தான் வரும். ஏனென்றால் கேள்வியே முழக்கம். "மதியச் சாப்பாட்டுக்குப் பின் நம் பள்ளியில் தட்டு கழுவும் இடத்தில் வீணாகும் தண்ணீரைக் குறைக்க என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். இடம் தெரியும், ஆள் தெரியும், போய்ப் பார்க்கலாம். முடிந்தால் முதல் நாளே இரண்டு பேரை அனுப்பி அளக்கச் சொல்லுங்கள். சொட்டும் குழாய்க்கு அடியில் 200 மில்லி டம்ளரை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். 4 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 3 லிட்டர், நாளுக்கு 72 லிட்டர். அளவு கையில் இருந்தால் யோசனைக்குக் கால் முளைக்கும்.

யோசனை வறண்டால் மூன்று நெம்புகோல்கள் உண்டு. நீக்கு: குழாயே இல்லையென்றால்? (தொட்டியும் குவளையும், காலால் மிதித்துச் சாய்க்கும் கேன்.) சேர்: கழுவிய தண்ணீரை எதோடு சேர்க்கலாம்? (வாழைக்கன்று, முருங்கை.) தலைகீழாக்கு: "இங்கே எப்படியெல்லாம் அதிகத் தண்ணீரை வீணாக்கலாம்?" தப்பாகிவிடுமோ என்று பயப்படும் பிள்ளைகள் கடைசிக் கேள்விக்குத்தான் வாய் திறப்பார்கள், ஏனென்றால் அதில் தப்பு என்பதே இல்லை. குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு தட்டாகக் கழுவலாம், சோற்றை ஒட்டவிட்டுக் காயவைக்கலாம் என்று வரும். ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டால் தீர்வு: எச்சில் காயும் முன் வாழைமட்டையால் வழித்தெடுக்கலாம், முதல் அலசலுக்கு எல்லாருக்கும் ஒரே தொட்டி.

பொறுக்கி எடுப்பதும் படைப்புதான்

320 யோசனையோடு மணியடித்துவிட்டால் அது பாதி வேலை. 15 வயதுப் பிள்ளைகளுக்கான பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில் 2022-இல் முதல்முறையாகப் படைப்புச் சிந்தனையையும் சோதித்தார்கள். அதில் பலவிதமான யோசனைகளை உண்டாக்குவது, புதுமையாக யோசிப்பது ஆகியவற்றோடு, ஒரு யோசனையை மதிப்பிட்டு மேம்படுத்துவதும் இடம் பெற்றது. 60-க்கு 41 எடுத்து முதலிடம் பிடித்தது சிங்கப்பூர். கணக்கிலும் அறிவியலிலும் கண்டிப்புக்குப் பெயர் போன நாடு. பாட அறிவும் படைப்பும் எதிரெதிர் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொறுக்குவதற்கு 10 நிமிடம். ஒவ்வொரு குழுவும் தன் நான்கு தாள்களையும் பரப்பி, ஆளுக்கு மூன்று புள்ளி வைக்கட்டும். அதிகப் புள்ளி பெற்றது ஒன்று, புள்ளியே பெறாவிட்டாலும் யாராவது ஒருவருக்கு மிகவும் பிடித்தது ஒன்று, இரண்டையும் எடுக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், எல்லாருக்கும் பழக்கமான யோசனை மட்டுமே எப்போதும் வெல்லும். வாக்கெடுப்பின் குணம் அது. பிறகு எடுத்த யோசனையிடம் மூன்று கேள்வி: இதற்கு வேண்டிய பொருள் நம்மிடம் இருக்கிறதா? யாருக்குத் தொல்லை வரும்? இரண்டாம் நாளும் இது நடக்குமா? மூன்றாவது கேள்வியில் பல அழகான யோசனைகள் விழும். விழட்டும். விழுந்ததை எப்படி நிமிர்த்துவது என்று கேட்பதே அடுத்த பாடம்.

உருவாக்கும் நேரத்தையும் பொறுக்கும் நேரத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். "நல்ல யோசனை, ஆனா..." என்ற ஒரு 'ஆனா' போதும், அந்த வரிசை முழுக்க அடங்கிப்போகும். முதல் கட்டத்தில் பலகையின் இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், இரண்டாம் கட்டத்தில் வலப்பக்கம். இப்போது எந்த நேரம் என்று பிள்ளைகளுக்குக் கண்ணால் தெரியும்.

பாடத்துக்குள் கொண்டுவருவது

கணக்கில் கேள்வியைத் திருப்பிப் போட்டால் போதும். '7 செ.மீ., 5 செ.மீ. பக்கமுள்ள செவ்வகத்தின் சுற்றளவு என்ன?' என்பதற்கு ஒரே விடை. 'சுற்றளவு 24 செ.மீ. வரும் உருவங்களைக் கட்டத்தாளில் வரை' என்று கேளுங்கள். முழு எண் பக்கங்கள் கொண்ட செவ்வகங்கள் ஆறு கிடைக்கும்: 1க்கு 11-இல் தொடங்கி 6க்கு 6 வரை. முடித்ததும், "செவ்வகமே இல்லாமல்?" ஒரு பிள்ளை 6க்கு 6 சதுரத்தின் ஒரு மூலையில் 2க்கு 2 துண்டை வெட்டுவாள். பரப்பு 36-இலிருந்து 32 ஆகக் குறையும், சுற்றளவு 24-இல் அசையாது. இன்னொருவன் மூலையை விட்டுப் பக்கத்தின் நடுவே 2 செ.மீ. ஆழத்துக்கு வெட்டியிருப்பான்; அவனுக்கு 28 வரும். 'தப்பு' என்று சொல்லி அழிக்காதீர்கள். மூலையில் வெட்டினால் மாறாத சுற்றளவு, நடுவில் வெட்டினால் ஏன் கூடியது? அன்றைய பாடவேளையில் இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

அறிவியலில் வெப்பம் நடத்தும்போது, ஒரே அச்சில் உறைந்த ஐஸ் கட்டிகளைக் குழுவுக்கு ஒன்று கொடுத்து, 30 நிமிடத்தில் குறைவாக உருகச் செய்யச் சொல்லுங்கள். பழைய செய்தித்தாள், உமி, மரத்தூள், துணி, அலுமினியத் தாள் வைத்தால் போதும். கம்பளித் துணியையும் வையுங்கள். அது ஐஸைச் சூடாக்கிவிடும் என்று பலர் தொடமாட்டார்கள். முடிவில் உருகிய நீரை அளவுக் குவளையில் மில்லி லிட்டரில் அளந்தால் விவாதம் தானே தீரும். கட்டியைக் கவரில் போட்டுக் கட்டிய பிறகே சுற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உருகிய நீரைச் செய்தித்தாள் குடித்துவிடும், அளவு பொய்யாகும்.

தமிழுக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். தொடர்பில்லாத இரண்டு பொருளை முடிச்சுப் போடுவது படைப்புப் பயிற்சிகளில் முக்கியமான ஒன்று. காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் கட்டியது அதைத்தான்: இரண்டுக்கும் தோல் உரியும், இரண்டும் ஈசன் முடிமேல் இருக்கும். வகுப்பில் இரண்டு டப்பாக்களில் பொருள் பெயர்ச் சீட்டு முப்பது முப்பது போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். 'பேருந்து', 'பாட்டி' என்று வந்தால் இரண்டுக்கும் பொதுவாக ஐந்து சொல்ல வேண்டும். முதல் இரண்டு தட்டையாக இருக்கும். நான்காவதில் "ரெண்டும் போற வழியெல்லாம் நின்னு நின்னு ஆள் விசாரிக்கும்" என்று வரும்.

விடுகதை கட்டுவதும் இதே வழிதான். பொருளின் பெயரைச் சொல்லாமல் அதன் செயல்களை ஐந்து எழுதி, அவற்றில் ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டை எடுத்து, மனிதர் செய்வதாக மாற்ற வேண்டும். சாக்பீஸ் தேயும், கோடு நிற்கும். ஆகவே: 'நடந்த தடம் மிஞ்சியது, நடந்தவன் கரைந்துபோனான்.' முரணைத் தேடாமல் வெறும் குணங்களை அடுக்கினால் அது விடுகதை ஆகாது, வருணனை ஆகிவிடும். பிள்ளைகள் தடுமாறுவது எப்போதும் இங்கேதான்.

மதிப்பெண்

யோசனை சொல்லும் நேரத்துக்கு மதிப்பெண் இல்லை என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். மதிப்பெண் உண்டு என்றால் பாதுகாப்பான விடையே வரும். பாடம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டுப் பகுதிக்குப் பதிவு வேண்டும் என்றால், பொறுக்கி மேம்படுத்திய பிறகு வரும் இரண்டாம் வரைவுக்குப் போடுங்கள். பத்துக்குப் பிரிப்பதானால், முதல் பட்டியலில் இருந்த வகைகளுக்கு 3, இரண்டாம் வரைவில் செய்த மாற்றத்துக்கு 4, ஏன் மாற்றினேன் என்று எழுதிய இரண்டு வரிக்கு 3. அழகான கையெழுத்துக்கும் வண்ண ஸ்கெட்ச்சுக்கும் ஒன்றும் இல்லை. சார்ட் ஒட்டிக்கொண்டுவரும் வேலையைப் பெற்றோர் செய்வதும் இதனால் நிற்கும். யோசனைக் கட்டத்தை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். வீட்டில் செல்போன் யோசிக்கும், பிள்ளை எழுதும்.

எவ்வளவு பழக்கினாலும் "தெரியல டீச்சர்" என்று மட்டுமே சொல்லும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களிடம் புதியதைக் கேட்பதை விட்டு, பலகையில் உள்ளதில் பிடித்தது எது, அதில் எதை மாற்றுவாய் என்று கேளுங்கள். ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவதைவிட இருப்பதைத் திருத்துவது எளிது. முதல் மாதம் அது போதும்.

தேர்வாகாத தாள்களைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். ஒரு செருப்புப் பெட்டியில் 'மிச்சம்' என்று எழுதி, வகுப்பு மூலையில் வையுங்கள். அடுத்த பருவத்தில் நேரம் மிஞ்சும் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பெட்டியைத் திறந்து, குழுவுக்கு ஐந்து தாள் கொடுங்கள். தாளில் பெயர் இல்லாவிட்டாலும், "இது நான் எழுதினது" என்று எங்கிருந்தோ ஒரு கை உயரும்.